பல் துலக்கினால் ரத்தம், குடலிலும் புண்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 31. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், ஷிஃப்ட் மாறி மாறி வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் அல்சரேடிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் புண் வரும் நோய் என்று சொன்னார்கள். மெசலசின், அசாதியோபிரின் சாப்பிடுகிறேன். சமீபத்தில் மறுபடியும் மலத்தில் ரத்தம் வந்ததால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ரத்தம் நின்றுவிட்டது, மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். கூடவே ஒமெப்ரசோல்.

ஒரு வருடமாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது. பயந்துகொண்டு மெதுவாகத் துலக்குகிறேன், சில நாள் விட்டுவிடுகிறேன். குடல் டாக்டரிடம் சொன்னால், பல் டாக்டரைப் பாருங்கள் என்கிறார். பல் கிளினிக்கில் என் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, முதலில் குடலைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஈறு நோய்தான் குடல் நோய்க்கே காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா? ஸ்கேலிங் செய்தால், அதாவது பல்லில் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்தால், பல் ஆடிப்போகும் என்கிறார் அம்மா. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்தக் குடல் நோய் வராது என்கிறான் கூட வேலை செய்யும் நண்பன். தீபாவளிக்கு அப்புறம் பெண் பார்க்கப் போவதாக வீட்டில் பேச்சு. வாய் நாறுவதால் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். கீழ்ப்பல்லின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, இரண்டு பக்கமும் உங்களைப் பந்தாடியிருக்கிறார்கள். முதலில் அதை முடித்துவிடுவோம். குடல் முழுசாக அடங்கும்வரை ஈறு காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தப்போக்கு நின்று, பிரெட்னிசலோனும் குறைந்து வருகிறது என்றால், ஸ்கேலிங் செய்ய இதுவே நல்ல சமயம். அதற்கு முன் தேவைப்படுவது ஒரு ரத்தப் பரிசோதனை முடிவும் குடல் டாக்டரிடமிருந்து நாலு வரிக் கடிதமும்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் முன்பற்களுக்குப் பின்னால், ஈறை ஒட்டி, மஞ்சளும் பழுப்புமாக ஒரு வரம்பு ஓடுகிறது. அதற்கு மேல் தேநீர்க் கறை. அது பல் இல்லை, காரை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் வந்து விழும் இடம் சரியாக அதற்கு எதிரில்தான் இருக்கிறது. துலக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இறங்கினால் கல்லாகிவிடும், அப்புறம் எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. உங்கள் ஈறின் விளிம்பு மெலிந்து பல்லோடு ஒட்டி நிற்காமல், உருண்டு, சிவந்து, பளபளவென்று இருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இருக்க வேண்டிய முக்கோணச் சதை தேய்ந்து கறுப்பாக இடைவெளி தெரிகிறது. எனக்குக் கவலை தருவது அந்த இடைவெளிதான். வெறும் ஈறு வீக்கம் என்றால் சுத்தம் செய்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு வரை இறங்கியிருந்தால் அதற்குப் பெயர் பெரியோடோன்டைடிஸ். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது, மேலும் போகாமல் நிறுத்தலாம்.

படத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று எங்களிடம் உண்டு, புரோப் என்போம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்ப்போம். நாங்கள் எண்ணைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டே வருவார்: மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஆறு. மூன்று வரை பரவாயில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று போனால் அங்கே பாக்கெட், அதாவது ஈறு பல்லை விட்டு விலகிய பள்ளம், உருவாகிவிட்டது என்று அர்த்தம். கடைசியாகப் போன கிளினிக்கில் இப்படி எண் சொல்லி எழுதினார்களா என்று யோசித்துப் பாருங்கள். எழுதவில்லையென்றால் உங்கள் ஈறை இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயும் வேண்டும்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2010-ல் பெரியவர்களிடம் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், மலேசியரில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு அளவில் ஈறுப் பிரச்சினை இருந்தது. ஈறில் ரத்தம் வருவது சகஜம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். கையில் தினமும் ரத்தம் வந்தால் விடுவோமா?

இனி அந்த வீடியோ விஷயம். ஈறு நோய்தான் குடல் நோய்க்குக் காரணம் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. மலேசியாவில் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு ஈறு கெட்டிருக்கிறது, அவர்களில் குடல் அழற்சி நோய் வருவது மிக மிகச் சிலருக்குத்தான். அந்தக் கணக்கு ஒன்றே போதும். உங்கள் நோய்க்குப் பரம்பரை, குடலில் வாழும் கிருமிகளின் கூட்டு, சூழல், உடம்பின் தற்காப்புச் சக்தி எல்லாம் சேர்ந்த காரணங்கள் உண்டு. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் இந்தியருக்கே இந்த நோய் அதிகமாக வருவதாகத் தெரிந்தது. அதற்கு நாம் பல் துலக்கும் விதம் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் வீடியோவில் சொன்னது வெறும் புளுகும் இல்லை. உங்களைப் போன்றவர்களிடம் ஈறு நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டு மடங்கிலிருந்து நாலைந்து மடங்கு வரை சொல்கிறார்கள். தைவானில் தேசியக் காப்புறுதிப் பதிவுகளை வைத்து எதிர்த் திசையிலும் பார்த்தார்கள். ஈறு நோய் இருந்தவர்களுக்குப் பின்னாளில் அல்சரேடிவ் கொலைடிஸ் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதன் உடன்பிறப்பான குரோன் நோய்க்கு அப்படித் தெரியவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் இதற்குப் பொருள். ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எப்படிச் சேர்கின்றன என்பதுதான் சுவாரசியமான பகுதி, அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நாம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் உமிழ்நீரை விழுங்குகிறோம். அதோடு உள்ளே போகும் பாக்டீரியா நூறு பில்லியன் அளவில் இருக்கும். பெரும்பாலானவை வயிற்று அமிலத்தில் செத்துவிடும். தப்பிப் பிழைத்துக் கீழே போனாலும் ஆரோக்கியமான குடலில் இடம் கிடைக்காது, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் விடாது. குடல் புண்ணாகிக் கிடக்கும்போது அந்தக் குடியிருப்பு கலைந்து போகிறது, புதிதாக வருபவை தங்கிக்கொள்கின்றன. நீங்கள் சாப்பிடும் ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் எடுப்பவர்களின் குடலில் வாய்க் கிருமிகள் கூடுதலாகக் காணப்படுவதும் தெரிந்த விஷயம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், காரணமாகத்தான் கொடுத்திருப்பார்கள். அது இன்னும் தேவையா என்று அடுத்த முறை கேட்டுவைத்தால் போதும்.

2017-ல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனை செய்தார்கள். குரோன் நோயாளியின் உமிழ்நீரை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். உமிழ்நீரிலிருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா எலியின் குடலில் குடியேறி, அங்குள்ள தற்காப்பு அணுக்களைக் கிளறிவிட்டது. 2020-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எலியின் கடைவாய்ப்பல்லைச் சுற்றி நூலைக் கட்டி ஈறு நோயை வரவழைத்தார்கள். ஈறு வீங்க வீங்க, வாயில் கிளெப்சியெல்லாவும் அதன் வகையறாவும் பெருகின. அவை விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருந்த புண்ணை மோசமாக்கின. அதோடு நிற்கவில்லை. வாய்க் கிருமிகளை எதிர்க்க ஈறுப் பக்கம் உருவான தற்காப்பு அணுக்கள் சிலவும் குடலுக்கே பயணம் போய், அதே கிருமிகளை அங்கே பார்த்ததும் சண்டையை மறுபடி ஆரம்பித்தன. கிருமியும் போகிறது, அதை எதிர்க்கும் படையும் போகிறது, நடுவில் அடி வாங்குவது குடல். ஈறு நோய் தனியாக ஆரோக்கியமான எலியின் குடலைக் கெடுத்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே இருந்த புண்ணைத்தான் அது கூட்டியது.

குடலிலிருந்து வாய்க்கும் வழி உண்டு. நோய் கிளம்பும் நாட்களில் வாயில் புண் வரும், இரும்புச்சத்துக் குறைந்து நாக்கு எரியும், பிரஷ்ஷைத் தொடவே மனம் வராது. வயிற்றுப்போக்கு என்று டின்னில் வரும் ஐசோடானிக் பானத்தை நாள் முழுக்க உறிஞ்சுவோம், அதில் சர்க்கரையும் உண்டு, அமிலமும் உண்டு. தண்ணீர்ச்சத்துக் குறைந்தால் ஃபார்மசியில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி நல்லது, அதையும் நாள் முழுக்க உறிஞ்சாமல் உட்கார்ந்து குடித்து முடியுங்கள். பிரெட்னிசலோன் வாயில் வெள்ளைப் பூஞ்சையை வரவழைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். நம் சமூகத்தில் சர்க்கரை ஏற்கெனவே பெரிய தொல்லை. 2019-ம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு மேல் நீரிழிவு இருந்தது. ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் சர்க்கரையை ஒருமுறையாவது பார்த்தார்களா என்று கேளுங்கள். ஈறுக்கு அதைவிடப் பெரிய எதிரி சிகரெட் ஒன்றுதான்.

அப்படியானால் ஈறைச் சுத்தம் செய்தால் குடல் அடங்கிவிடுமா? மேலே சொன்ன இரண்டு சோதனையும் எலியில் நடந்தவை. நீரிழிவில் நிலைமை வேறு. அங்கே மனிதர்களிடம் நன்றாகவே சோதித்து, ஈறு சிகிச்சைக்குப் பின், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.4 விழுக்காட்டுப் புள்ளி வரை குறைவதைப் பார்த்துவிட்டார்கள். குடலுக்கு அந்தத் தரத்தில் ஆதாரம் இன்னும் வரவில்லை. ஆகவே ஸ்கேலிங் செய்தால் கொலைடிஸ் குணமாகும் என்று எந்தக் கிளினிக்காவது விளம்பரம் செய்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மெசலசினையோ அசாதியோபிரினையோ ஒரு வேளை கூடக் குறைக்கக் கூடாது. ஈறு நோய்க்கு வைத்தியம் பார்ப்பது உங்கள் பல் விழாமல் இருப்பதற்காக. ஈறு மோசமாகக் கெட்டவர்களின் பாக்கெட்டுகளுக்குள் இருக்கும் புண்ணை எல்லாம் விரித்து அளந்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அசாதியோபிரின் போலத் தற்காப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் ஒருவர் அந்த அளவு திறந்த புண்ணை வாயில் வைத்துக்கொண்டு நடமாடலாமா? எனக்கு இந்த ஒரு காரணமே போதும். குடலுக்கும் கொஞ்சம் நல்லது நடந்தால் அது உபரி லாபம்.

இனி அந்தப் பந்தாட்டம். என் அனுபவத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் கெடுதல் செய்வது கிளெப்சியெல்லா இல்லை, இரண்டு கிளினிக்கும் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதுதான். குடல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவதில்லை, பல் டாக்டரிடம் மருந்துப் பெயரைச் சொல்வதில்லை. சொன்னாலும் "வயிற்றுக்கு மாத்திரை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நீங்கள் பட்டியலைக் காட்டினீர்கள், நல்ல காரியம். அதைப் பார்த்துப் பயந்து அனுப்பிவிட்டது அவர்கள் தவறு. அசாதியோபிரின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. அதனால்தான் உங்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். அந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி பல் டாக்டரிடம் கொடுங்கள். வெள்ளை அணுவும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் சரியாக இருந்தால் ஸ்கேலிங்குக்குத் தடை இல்லை. பிரெட்னிசலோன் இப்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பல் பிடுங்குவது, ஈறில் அறுவை செய்வது போன்ற பெரிய காரியம் என்றால் அந்த விவரம் முக்கியம். பல் வைத்தியத்துக்காக பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பல் வலி என்று போனால் நம் ஊர்க் கிளினிக்குகளில் கைக்கு முதலில் வருவது பொன்ஸ்டன். இல்லாவிட்டால் வோல்தரன் அல்லது இப்யூபுரோஃபென். மற்றவர்களுக்கு நல்ல வலி மாத்திரைகள்தான். உங்கள் நோய் உள்ளவர்களில் சிலருக்கு இந்த வகை மாத்திரை குடல் புண்ணை மறுபடி கிளப்பிவிடும். மெசலசினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சிரமம். உங்களுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும்தான். அது போதவில்லை என்றால் குடல் டாக்டரைக் கேட்டுவிட்டு வேறு மருந்து. கம்பெனி பேனல் கிளினிக்கில் மாத்திரைப் பொட்டலம் கொடுக்கும்போது கவுண்டரிலேயே பிரித்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு நோயாளி வருவதற்கு முன்னும் யாரும் பழைய கார்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அதேபோல ஈறில் ரத்தம் என்றதும் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. காரையை அப்படியே விட்டுவிட்டு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் ஈறு பத்து நாளைக்கு அடங்கியிருக்கும், அப்புறம் பழைய கதைதான். உங்களுக்குக் கூடுதலாக ஒரு கெடுதல் உண்டு. ஆன்டிபயாடிக்குக்குப் பின் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசீல் என்ற கிருமி குடலில் பெருகி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குடல் அழற்சி உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம், பார்ப்பதற்கு உங்கள் நோயே கிளம்பியது போலவும் இருக்கும். முகம் வீங்கிச் சீழ் கட்டினால், காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டியதுதான், அப்போது பயப்படாமல் சாப்பிடுங்கள். சாதாரண ஸ்கேலிங்குக்கு முன்னால் வெறும் பாதுகாப்புக்காக வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எதைச் சாப்பிட்டாலும் சில நாட்களில் வயிற்றுப்போக்கு வந்தால், ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன் என்று குடல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேலிங் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை, ஆனாலும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். மேலே உள்ள காரையை அதிரும் முனை கொண்ட கருவியால் தண்ணீர் பீய்ச்சி எடுப்பார்கள். பாக்கெட் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேர் வரை சுத்தம் செய்வார்கள். முடிந்த பிறகு வீக்கம் வடிந்து ஈறு சற்றுக் கீழே இறங்கும், பல் நீளமாகத் தெரியும், ஐஸ் தண்ணீர் கூசும். சில பல் ஆடுவதும் அப்போதுதான் தெரியவரும். அம்மா சொல்வது இதைப் பார்த்துத்தான். விரிசல் விட்ட சுவரில் சிமெண்டை அப்பி நிறுத்தினாற்போல அந்தக் காரை ஆடும் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் எலும்பு கரைவதற்கு அந்தக் காரையில் ஒட்டி வளர்ந்த கிருமிகளே காரணம். எடுக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் பல்லே காரையோடு சேர்ந்து வந்துவிடும். உங்கள் அம்மாவும் ஒருமுறை வந்து அந்த நாற்காலியில் உட்காரட்டும், அவர் ஈறையும் யாராவது பார்க்க வேண்டும்.

உங்களால் ஆக வேண்டியதும் உண்டு. ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் இப்போது நீங்கள் செய்யும் பெரிய தப்பு. ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது. மிருதுவான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள், அழுத்த வேண்டாம். கறுப்பு இடைவெளி உள்ள இடத்துக்குப் பல்லிடுக்குப் பிரஷ், ஃபார்மசியில் பல அளவில் கிடைக்கும். எந்த அளவு சரி என்று பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். பெரிதை வாங்கித் திணித்தால் ஈறு கிழியும். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து விழுந்து தூங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கு அதுதான் ராத்திரி. தூங்குவதற்கு முன் துலக்குவதைத் தவறவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், நல்லெண்ணெய் கொப்பளித்தாலும் தீங்கில்லை, ஆனால் இரண்டாலும் காரை கரையாது. உப்பையோ கரியையோ தூளாக்கித் தேய்ப்பது மட்டும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு கொடுத்தால் சொன்ன நாள் வரை மட்டும் போதும், நீண்ட நாள் விட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், தேநீர் குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மிளகாயால் ஈறு கெடாது. குடல் தாங்கினால் சாப்பிடுங்கள்.

நண்பன் சொன்ன சிகரெட் விஷயத்தில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்தானது. புகைப்பவர்களிடம் அல்சரேடிவ் கொலைடிஸ் குறைவாகக் காணப்படுவது நிஜம். ஆனால் அதை மருந்தாக எந்தக் குடல் டாக்டரும் எழுதித் தரமாட்டார். குரோன் நோயைப் புகை மோசமாக்கும். ஈறைப் பொறுத்தவரை அது நேரடி நாசம், அதுவும் சத்தமில்லாமல். ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் வருவது நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். வேப் என்னும் மின்சிகரெட்டுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

சில அறிகுறிகளை ஈறு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உதடு வீங்கி இறங்காமல் இருப்பது, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள மடிப்பில் கீறியது போல நீளமான ஆழப் புண், ஈறில் மஞ்சளாகச் சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டு, இவை குடல் நோய் வாயில் காட்டும் முகமாக இருக்கலாம். குடல் டாக்டரிடமே காட்டுங்கள். அசாதியோபிரின் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தம் பாருங்கள்.

எங்கே போவது? அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து ஈறு நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம், ஆனால் அந்த வரிசை நீளம். அதனால் கடிதத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் ஸ்கேலிங்கை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தனியார் என்றால் விலை இடத்துக்கு இடம் மாறும், ஆழமான சுத்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று நாற்காலியில் உட்காரும் முன்பே கேளுங்கள். எங்கே செய்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த எண்களை எழுதிப் பார்க்க வேண்டும். ஆறு நான்காகியிருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வரச் சொல்லாத கிளினிக்கை மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பெண் பார்க்கும் படலம். ஈறு நோய் தொற்றிக்கொள்ளுமா என்று நேரடியாகக் கேட்கவில்லை, கேட்க நினைத்தது தெரிகிறது. கணவன் மனைவிக்குள் வாய்க் கிருமிகள் பரிமாறிக்கொள்வது உண்டு. ஆனால் அவை போய்ச் சேர்ந்ததும் நோய் வந்துவிடாது, ஒழுங்காகத் துலக்கும் வாயில் அவற்றுக்கு வேலை இல்லை. குடல் நோயும் ஒட்டுவாரொட்டி இல்லை. அதை மறைத்துக் கல்யாணம் பேச வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து, மாத்திரையும் மருத்துவமனைத் தேதியுமாக வாழ்கிறீர்கள், எத்தனை நாள் மறைப்பீர்கள்? வாய் நாற்றம் இவை எல்லாவற்றையும்விடச் சுலபமானது. காரை போய், பல்லிடுக்கும் நாக்கும் தினமும் சுத்தமானால் சில நாட்களிலேயே குறையும். ரத்தம் நிற்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆழமான பாக்கெட்டுகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு தடவை வர வேண்டியிருக்கும். தீபாவளியைக் கணக்கு வைத்தால், அடுத்த ஓய்வு நாளிலேயே ரத்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.